திருவொற்றியூர், 2011: தலைக்கணக்கும் மாமன்ற இருக்கையும்

சென்னை மாநகராட்சி 2011 அக்டோபரில் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு விரிந்ததைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு முடிவு மாறாமல் வருகிறது. இணைப்பினால் திருவொற்றியூர் போன்ற பெரிய நகராட்சிகள் பிரதிநிதித்துவத்தை இழந்தன என்பதும், ஓர் உறுப்பினரின் பொறுப்பில் வரும் மக்கள்தொகை பெருத்துப்போனதே அதற்குச் சான்று என்பதும் அந்த முடிவு. இழப்பு நேர்ந்தது உண்மை. ஆனால் அதை அளக்க எடுத்த கோல் பிழையானது என்றே கருதுகிறேன்.

முதலில் அந்த எண். 2011 கணக்கெடுப்பு திருவொற்றியூர் நகராட்சிக்கு 2,49,446 பேர் என்றும், வடக்கே ஒட்டியிருந்த கத்திவாக்கத்துக்கு 36,617 பேர் என்றும் சொல்கிறது. கணக்குக்கு உரிய நேரம் 2011 மார்ச் 1 பிறந்த நள்ளிரவு. எல்லைகளோ 2009 இறுதியில் இருந்தபடி நிறுத்தி வைக்கப்பட்டவை. எட்டு மாதத்துக்குள் இரண்டு நகராட்சிகளும் கலைந்தன. இறுதி அட்டவணைகள் அச்சானபோது, இல்லாத உள்ளாட்சி அமைப்பு ஒன்றின் பெயரில்தான் அந்த வரி அச்சானது. சுனாமிக்குப் பின் எர்ணாவூரில் எழுந்த குடியிருப்புகளுக்கு வடசென்னைக் குப்பங்களிலிருந்து மாற்றப்பட்ட குடும்பங்களும் அந்த வரிக்குள் இருக்கின்றன. ஆகவே இதை வைத்து 'உள்ளூர் வளர்ச்சி' பேசுவோர் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

மாவட்டக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. 2011இல் திருவள்ளூர் மாவட்டத்தின் 37,28,104 பேரில் ஏறத்தாழ 65 விழுக்காடு நகரவாசிகள். திருவாலங்காட்டுக் கரும்பு வயல்களுக்கு நடுவே நின்று இதைப் படிப்பவருக்கு நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். ஆவடி, அம்பத்தூர், திருவொற்றியூர் ஆகியவை அந்தக் கூட்டுத்தொகைக்குள் இருந்ததன் விளைவு அது. மாநகராட்சியால் சென்னை, வருவாய்த் துறையால் திருவள்ளூர் என்று 2018 வரை திருவொற்றியூர் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தது. அந்த ஆண்டுதான் அம்பத்தூர், மாதவரத்தோடு அது சென்னை மாவட்டத்துக்குப் போனது.

சர்ச்சையின் மையம் அரசமைப்புச் சட்டத்தின் 243பி (243P) பிரிவில் மக்கள்தொகைக்குத் தரப்பட்டுள்ள வரையறை. கடைசியாக நடந்த கணக்கெடுப்புகளில் எதன் உரிய புள்ளிவிவரங்கள் வெளியிடப்பட்டுள்ளனவோ, அதில் கண்டதே மக்கள்தொகை என்கிறது அது. முன்னைய ஆய்வுகள் இதைச் சடங்காகக் கடந்து, 2011 தேர்தலை 2011 தலைக்கணக்கோடு நேராகப் பொருத்திவிடுகின்றன. வார்டுவாரியான இறுதிக் கணக்கு அந்த அக்டோபரில் வெளிவரவில்லை. வார்டு பிரிக்க உரிய புள்ளிவிவரம் என்றால் அது வார்டளவிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். நகரத்துக்கு ஒரு தற்காலிகக் கூட்டுத்தொகை போதாது. எனவே அன்றைய சட்டப்படியான மக்கள்தொகை 2001க்கு உரியது. தற்காலிகத் தொகையும் வெளியீடுதானே என்று கேட்கலாம். தெருவாரியாகப் பிரிக்க முடியாத தொகையை வைத்துக் கோடு போட முடியாது. அந்தக் கேள்வி அங்கேயே முடிகிறது.

சுவையான இடம் இனிதான். எந்த ஆண்டின் கணக்கை எடுத்தாலும் வார்டுப் பங்கீடு மக்கள்தொகைக்குப் பொருந்தவில்லை. புதிய 200 வார்டுகளில் பழைய நகரம் தன் 155ஐ விட்டு 107ஐப் பெற்றது. சேர்ந்த பகுதிகளுக்கு 93. பழைய சென்னையின் 2011 தொகை 46,46,732. அதை 107ஆல் வகுத்தால் வார்டுக்குச் சுமார் 43,400 பேர். 2001இன் 43,43,645ஐ வகுத்தாலும் 40,000க்குக் குறையாது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் பெரும்பாலும் அப்படியே முதல் மண்டலமாகி 1 முதல் 14 வரையிலான வார்டுகளைப் பெற்றன. அங்கே 2011 கணக்கில் வார்டுக்கு 20,400 பேர்தான். விரிந்த மாநகரின் ஏறத்தாழ 67 லட்சத்தில் இவர்கள் பங்கு நாலேகால் விழுக்காடு. கண்டிப்பான கணக்கில் எட்டோ ஒன்பதோ இருக்கைகள் வந்திருக்கும்; வந்தவை 14. குரல் சுருங்கியதென்று தலைக்கணக்கை வைத்து வாதிட்டால், பழைய நகரத்து மயிலாப்பூர்க்காரர்தான் முதலில் எழுந்து நிற்க வேண்டியிருக்கும்.

புறநகர் வேகமாக வளரும் என்று எதிர்பார்த்துக் கொடுத்த முன்பணம் இது என்ற விளக்கம் உண்டு. அது நிற்காது. 2011 கணக்கு முழுவதும் கையில் இருந்த 2018 மறுவரையறைக்குப் பிறகும் முதல் மண்டலத்துக்கு அதே 14தான். மண்டல எல்லையில் சிறு விலகல்கள் இருக்கலாம்; இரு மடங்கு வேறுபாட்டை அவை விளக்கிவிடா.

என் வாசிப்பில் இது ஒரு பண்டமாற்று. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் திருவொற்றியூருக்குத் தனி நகர்மன்றம் இருந்தது. அது தன் வரவுசெலவைத் தானே நிறைவேற்றியது, சொத்து வரித் தீர்மானத்தைத் தன் கூட்டத்தில் எடுத்தது, தலைவர் ஊருக்குள்ளேயே இருந்தார். அந்த மன்றத்தை வாங்கிக்கொண்டு இருக்கைகளைத் தாராளமாகக் கொடுத்தார்கள். மாமன்றம் கூடும் ரிப்பன் மாளிகையில் 14 பேர் 200இல் ஏழு விழுக்காடு. கடலரிப்போ மணலித் தொழிற்சாலைப் புகையோ பேசுபொருளாகும் நாளில் மற்ற 186 பேருக்கு வேறு வேலை இருக்கும். 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகருக்குத்தான் 243எஸ் பிரிவு வார்டு குழுவைக் கட்டாயமாக்குகிறது. தனியாக இருந்தவரை திருவொற்றியூருக்கு அந்த உரிமை இல்லை, இணைந்த பின் வந்தது என்று இணைப்பின் ஆதரவாளர்கள் சுட்டுவார்கள். முழு மன்றம் இருந்த ஊருக்குக் குழுவைக் காட்டுவது ஈடாகாது. நிதி கூடியதே என்பது வேறு கேள்வி. இங்கே அதற்கு இடமில்லை.

2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை அந்த 14 இருக்கைகளும் காலி. தனி அலுவலர் ஆட்சி. மாநிலமெங்கும் நகர உள்ளாட்சிகளில் அப்படித்தான், இணைப்பைக் குறை சொல்ல முடியாது என்பார்கள். சரி. ஆனால் உறுப்பினருக்கு எத்தனை பேர் என்று வகுத்துப் பார்க்கும் முறைக்கு அந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு உரிய நேரம் 2027 மார்ச் 1. 2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற மாமன்றத்தின் ஐந்தாண்டும் அதே வாரத்தில் முடிகிறது. புதிய தொகை வெளியாகும் முன் வார்டு பிரிக்க நேர்ந்தால், 243பி-யின்படி திருவொற்றியூரின் மக்கள்தொகை மறுபடியும் 2011க்கு உரியதாகவே இருக்கும். புதிய அட்டவணையில் திருவொற்றியூர் என்ற நகரத்துக்குத் தனி வரியும் இராது. ஒப்பிட விரும்புவோர் முதல் மண்டல வார்டுகளைக் கூட்டித்தான் அதைப் பெற வேண்டும்.