சுண்டி இழுக்காத தூண்டில்

இந்தோனேசியாவின் அலோர் தீவில், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் ஒருவரைப் புதைத்தார்கள். பெண்ணாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தாடைக்கு அடியில் ஐந்து தூண்டில் முட்கள் கிடந்தன. எல்லாம் சிப்பி ஓட்டைத் தேய்த்துச் செய்தவை. ஒன்று நாம் பார்த்துப் பழகிய கொக்கி. மற்ற நான்கும் வட்டம். முனை உள்பக்கமாக, தண்டை நோக்கித் திரும்பியிருந்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் சூ ஓகானர் குழு 2017-ல் இதை வெளியிட்டது.

முனை உள்ளே பார்த்தால் மீன் எப்படி மாட்டும்? முதன்முதலில் பார்க்கும் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். விடை மீனின் வாயில் இருக்கிறது. இரையை விழுங்கிய மீன் திரும்பி நீந்தும்போது கயிறு இறுகுகிறது. முனை மறைந்திருப்பதால் முள் வயிற்றிலோ தொண்டையிலோ குத்தாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. உதட்டோரம் வந்ததும் சுழன்று, தாடையின் மூலையில் ஏறிக்கொள்கிறது. கழி இல்லாமல், வெறுங்கையால் ஆழத்தில் கயிறு விட்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. மீன் தானே மாட்டிக்கொள்ளும். மாட்டிய பின் எளிதில் கழலாது. பசிபிக் தீவுகள் முழுக்க எலும்பிலும் சிப்பியிலும் மரத்திலும் இதே யோசனை தொடர்ந்தது.

ஆக, இது மீனுக்கு இரங்கிச் செய்த பொருள் அல்ல. தப்பவிடக் கூடாது என்று செய்த பொருள். 1980-களின் தொடக்கத்தில் வட பசிபிக்கில் ஹாலிபட் பிடிப்பவர்கள் தங்கள் ஆயிரங்கால் தூண்டில்களில் வட்ட முள்ளுக்கு மாறியதும் அதற்காகத்தான். பழைய முள்ளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஹாலிபட் ஏறியது.

பிடித்த மீனைத் திரும்ப விடுபவர்கள் இதைக் கையில் எடுத்தபோதுதான் கதை திரும்பியது. பெரிய மீனை விடுவதில் உள்ள கொடுமை இது: நம் கண்ணெதிரே நலமாக நீந்திப் போகும், வயிற்றில் குத்திய காயத்தால் பிறகு சாகும். குவாத்தமாலாவின் பசிபிக் கரை மயில்மீனுக்குப் பேர்போனது. அங்கே படகு ஓட்டிய கேப்டன் ரான் ஹேம்லின், இரை கோத்த பழைய ஜே வடிவ முள்ளை இனித் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, மற்றவர்களிடமும் விடாமல் வாதாடினார். அமெரிக்க மீன்வள விஞ்ஞானி எரிக் பிரின்ஸும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு முட்களையும் ஒப்பிட்டு 2002-ல் வெளியிட்ட கணக்கு அந்த வாதத்துக்கு வலு சேர்த்தது: ஜே முள்ளில் சிக்கிய மயில்மீன்களில் 46 சதவீதத்துக்குத் தொண்டையிலோ வயிற்றிலோ குத்தியிருந்தது, வட்ட முள்ளில் 2 சதவீதத்துக்கு மட்டும். 2008 முதல் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் மயில்மீன், கொப்பரன் போட்டிகளில் இயற்கை இரை கோத்தால் வட்ட முள்தான் என்று விதியே வந்துவிட்டது.

பழகுவது கடினம். மீன் கடித்ததும் சுண்டி இழுக்கத்தான் கை துடிக்கும். சுண்டினால் முள் வாயைவிட்டு வெறுமனே வெளியே வந்துவிடும். தூண்டில் நரம்பு தானாக இறுகும்வரை பொறுக்க வேண்டும்.

முள் உதட்டோரம் இருந்தால் மீனைப் படகுக்குள் தூக்கவே தேவையில்லை. இதை நான் பெரிதாக நினைக்கிறேன். தண்ணீர் தாங்கிய உடல் அது. தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அத்தனை கனமும் தாடையிலும் முதுகெலும்பிலும் இறங்கும். படகோரத் தண்ணீரிலேயே வைத்துக் கழற்றலாம். களைத்துப்போயிருந்தால் படகை மெல்ல முன்னே செலுத்தி, செவுளில் தண்ணீர் ஓடவிட்டு, அது தானாக உதறிக்கொள்ளும்போது விடலாம். எப்போதாவது ஆழத்தில் குத்திவிட்டால் தோண்டி எடுக்கப் பார்க்காமல் நரம்பை முள்ளுக்கு அருகில் நறுக்கிவிடுவது மேல்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வட்டம் என்ற பெயரிலேயே, முனையைப் பக்கவாட்டில் திருகிய முட்களும் விற்பனைக்கு வருகின்றன. அதிகம் திருகியிருந்தால் முனை மறைவிலிருந்து வெளியே வந்து, பழையபடி உள்ளே குத்தும். முள்ளை மேசைமேல் படுக்கவைத்துப் பாருங்கள். தட்டையாகப் படிவதை மட்டும் வாங்குங்கள்.