வெட்டரிவாள்

வெட்டரிவாள் என்பது மடங்காத, கனமான, முனைப்பகுதி உட்புறமாக வளைந்த அலகைக் கொண்ட ஒரு வெட்டுக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது வெட்டருவா என்றும், சுருக்கமாக அருவா என்றும் அழைக்கப்படுகின்றது. தென்னிந்தியாவின் பெரும்பாலான ஊர்களில் தோட்ட வேலை, விறகு வெட்டுதல், வேலி கட்டுதல், கொட்டகை போடுதல் போன்ற வெளிப்புற வேலைகளுக்கு இதுவே முதன்மைக் கருவியாக உள்ளது. மேலைநாட்டினர் காட்டில் முகாமிடும்போது எடுத்துச் செல்லும் பெரிய கத்திக்கு இணையான தமிழ்க் கருவி எனவும் இதனைக் கூறலாம்.

இக்கட்டுரை காவிரிக் கழிமுகத்தின் கடற்கரையில் அமைந்த காரைக்கால் பகுதியை முன்வைத்து இதன் பயன்பாட்டை விளக்குகின்றது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கிழக்கே கடலும் மற்றத் திசைகளில் தமிழ்நாட்டு மாவட்டங்களும் இதனைச் சூழ்ந்துள்ளன. 1739 முதல் 1954 வரை பெரும்பாலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்நிலப்பகுதி, கருவிகளைப் பொறுத்தவரை அண்டையிலுள்ள நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளிலிருந்து வேறுபட்டதன்று. தென்னை, பனை, மூங்கில், சவுக்கு, சீமைக்கருவேலம் ஆகிய ஐந்துமே இங்கு அரிவாளுக்கு வேலை தருபவை.

பெயர்

அரி (துண்டாக்கு) என்னும் வினையும் வாள் என்னும் பெயரும் சேர்ந்து அரிவாள் என்றாயிற்று. ஒரே சொல் இரு வேறு கருவிகளைக் குறிப்பதால் குழப்பம் நேர்வதுண்டு. நெல் அறுக்கப் பயன்படும் மெல்லிய, பிறை வடிவான கருவி கதிர் அரிவாள் ஆகும். இதன் வாயில் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருந்தால் கருக்கரிவாள் எனப்படும். பொதுவுடைமைக் கட்சிகளின் சின்னங்களில் காணப்படுவது இந்தக் கதிர் அரிவாளே. வெட்டரிவாளோ தடித்தது; ஓங்கி வெட்டுவதற்கென அமைந்தது. சமையலறையில் காலால் மிதித்துக் கொண்டு காய் நறுக்கும் அரிவாள்மணை மூன்றாவது வகை.

அமைப்பு

வெட்டரிவாளின் அலகு பொதுவாக 25 முதல் 35 செ.மீ. நீளம் இருக்கும். எடை பெரும்பாலும் ஒரு கிலோகிராமுக்குள் அடங்கும். கூரான பக்கம் வாய் என்றும், எதிர்ப்பக்கம் முதுகு என்றும், வளைந்த முனை மூக்கு என்றும் குறிக்கப்படுகின்றன. கைப்பிடியை விட முனைப்பகுதி அகலமாகவும் கனமாகவும் இருப்பதால், வீசும்போது எடையே பாதி வேலையைச் செய்துவிடுகின்றது.

வளைந்த மூக்கு அழகுக்காக அமைந்ததன்று. தரையை ஒட்டி வெட்டும்போது கல்லில் முதலில் படுவது மூக்கின் வெளிப்புறமேயாதலால் வாய் மழுங்காமல் காக்கப்படுகின்றது. முள் கிளைகளைக் கையால் தொடாமல் கொக்கியைப் போல இழுத்துப் போடவும் அது உதவுகின்றது. வீசிய கிளை வழுக்கி முனைக்கு வெளியே நழுவாமலும் அந்த வளைவு தடுக்கின்றது.

சிற்றூர்க் கொல்லுலைகளில் பெரும்பாலும் சரக்குந்துகளின் பழைய வில் பட்டைகளிலிருந்தே அரிவாள் அடிக்கப்படுகின்றது. லாரிப் பட்டை என வழங்கும் இந்த உருக்கில் கரிமம் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை இருக்கும். கடினத்தன்மையும் ஒடியாத நெகிழ்வும் ஒருங்கே வேண்டிய கருவிக்கு இது ஏற்ற அளவு. செந்நிறமாகக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வடிவம் கொடுத்தபின், வாய்ப்பகுதியை மட்டும் மீண்டும் சூடாக்கி நீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பர். முழு அலகையும் அவ்வாறு கடினமாக்கினால் மூங்கில் கணுவில் பட்டவுடன் ஒடிந்துவிடும். முதுகு மென்மையாக இருப்பதால்தான் அதிர்ச்சியைத் தாங்குகின்றது. தோய்த்தபின் மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்துவது கொல்லரின் கைத்திறனைக் காட்டும் கட்டமாகும். கடையில் வாங்கும்போது இதனைக் கண்ணால் அறிய இயலாது. கணுவில் நாலு வெட்டு வெட்டிய பின் வாய் மடங்கியிருக்கின்றதா, சில்லு பெயர்ந்திருக்கின்றதா என்று பார்த்தே அறியலாம்.

அலகின் காம்பு மரக் கைப்பிடிக்குள் செருகப்பட்டு, பிளவு ஏற்படாதிருக்க இரும்புப் பூண் இடப்படுகின்றது. கருவேலம், பூவரசு முதலிய மரங்கள் பிடிக்கு விரும்பப்படுகின்றன. முற்காலத்தில் அரக்கு உருக்கி ஊற்றிக் காம்பை இறுக்கும் வழக்கமும் இருந்தது.

பிற நாட்டுக் கருவிகள்

உலகின் பல பகுதிகளில் இதே தேவைக்கு வேறு வேறு வடிவங்கள் தோன்றியுள்ளன. இலத்தீன் அமெரிக்காவின் மச்சேட்டி நீண்ட, மெல்லிய அலகுடையது. கரும்பு, புல், பசுங்கொடி போன்ற மென்மையானவற்றை வீசி அறுக்க ஏற்றது. மலாய் மக்களின் பாராங், வைரம் பாய்ந்த மரக்கிளைகளுக்கென முனை கனத்து அமைந்தது. நேபாளத்தின் குக்ரி நடுவில் வளைந்தது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் வேலிச் செடிகளுக்குப் பயன்படுத்திய கொக்கி முனைக் கத்தியே வெட்டரிவாளுக்கு மிக நெருங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் தம் வெப்பமண்டலக் குடியேற்றங்களில் இத்தகைய கத்திகளை கூப்-கூப், அதாவது வெட்டு-வெட்டு, என்று அழைத்தனர்.

இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொருளில்லை; வெட்டப்படும் செடியே கத்தியின் வடிவை முடிவு செய்கின்றது. தென்னை மட்டை, மூங்கில், முட்புதர் ஆகியவற்றின் நடுவே மெல்லிய மச்சேட்டி துள்ளித் திரும்பும்.

வெளிப்புறப் பயன்பாடு

விறகும் தீயும்

வடகிழக்குப் பருவமழைக் காலமாகிய அக்டோபர் முதல் டிசம்பர் வரை கழிமுகப் பகுதியில் உலர்ந்த சுள்ளி கிடைப்பது அரிது. ஆனால் மேலே நனைந்த கட்டையின் உட்பகுதி பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டையை நிறுத்தி வைத்து, அதன் தலையில் அரிவாளின் வாயைப் பொருத்தி, வேறொரு கட்டையால் முதுகில் தட்டினால் அது நீளவாக்கில் பிளக்கும். இவ்வாறு தட்டும்போது பிடிக்கு அருகிலுள்ள நேரான பகுதியையே பயன்படுத்த வேண்டும். வளைந்த பகுதி கோணலாக இறங்கும். உண்மையில் இந்த ஒரு வேலைக்கு நேர் அலகுக் கத்தியே மேலானது. கைப்பருமனுக்கு மேற்பட்ட சவுக்குக் கட்டையை அரிவாளால் துண்டாக்க முயல்வது வீண் முயற்சி. அதற்குக் கோடரியோ இரம்பமோ தேவை.

தீ மூட்டுவதற்குத் தென்னையின் பன்னாடை மிகச் சிறந்த பொருள். மட்டையின் அடியைச் சுற்றி வலை போலப் படரும் இந்த நார்த்துணி, மழை நாளிலும் மரத்தின் உட்புறத்தில் உலர்ந்து கிடைப்பதுண்டு. காய்ந்த பாளை நின்று எரியக்கூடியது. சீமைக்கருவேலம் மிகுந்த வெப்பம் தரும் விறகு. ஆயின் அதன் முள் தைத்தால் வலி பல நாட்கள் நீடிக்கும்.

கூரை

தற்காலிகக் கொட்டகைக்கு வேண்டிய பொருள் முழுவதும் ஒரு தென்னந்தோப்பிலேயே கிடைத்துவிடும். விழுந்த மட்டையின் நடுநரம்பை அடியிலிருந்து நுனி வரை அரிவாளால் பிளந்து, இரு பாதிகளையும் நீரில் ஊற வைத்து முடைந்தால் கீற்று ஆகின்றது. ஓர் இரவுக்கு மட்டும் தங்குவோர் ஊற வைக்கக் காத்திராமல், பசுமட்டையின் ஒரு பக்க ஓலைகளை மறுபக்கத்துடன் பின்னிச் சாய்த்துக் கொள்ளலாம். மழை முழுவதையும் அது தடுக்காது. காற்றையும் பனியையும் தடுக்கும்.

மூங்கிலைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுதல் முறை. இல்லையெனில் எஞ்சிய குழலில் நீர் தேங்கி அடிக்கட்டை அழுகும், கொசுவும் பெருகும். சாய்வாக வெட்டினால் எளிதில் அறுபடும் என்பது உண்மையே. ஆனால் சாய்ந்து நிற்கும் கூரிய மூங்கில் முளை இரவில் காலைக் கிழிக்கும் ஈட்டியாகிவிடும். எனவே வெட்டியபின் முளையைத் தட்டையாகச் சீவிவிடுதல் வேண்டும்.

தேங்காய்

முற்றிய தேங்காயின் மட்டையை உரிக்க அரிவாளைப் பயன்படுத்துவது தேர்ந்தவர்க்கே இயலும். தரையில் நட்ட கடப்பாரையே அதற்குரிய கருவி. உரித்த காயை உடைக்க வாய் தேவையில்லை. காயைக் கையில் உருட்டிக் கொண்டே நடுச்சுற்றில் அரிவாளின் முதுகால் தட்டினால் இரு சம பாதிகளாக வெடிக்கும். இளநீரை உள்ளங்கையில் ஏந்தியபடி சீவும் வணிகர்களைப் பார்த்து அதையே செய்ய முயலும் புதியவர்கள் விரலை இழக்க நேரலாம். கட்டை மேல் வைத்துச் சீவுவது அழகாக இராது, ஆனால் விரல்கள் ஐந்தும் மிஞ்சும்.

புதர் அகற்றல்

புதரில் இறங்குமுன் நீண்ட கழியால் தட்டிப் பார்த்தல் இன்றியமையாதது. வயல் வரப்புகளிலும் புதர்களிலும் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வாழும் பகுதி இது. வெட்டிய கிளையைக் கையை நீட்டி எடுக்காமல் மூக்கினால் இழுத்துப் போடுவதே நல்லது. இளஞ்செடியை ஒரு கையால் வளைத்து, வளைவின் வெளிப்புறத்தில் சாய்வாக வெட்டினால் ஒரே வீச்சில் அறும். அப்போது அது விசையுடன் நிமிரக்கூடும் என்பதால் முகத்தை விலக்கிக் கொள்ள வேண்டும்.

புயலுக்குப் பின்

காரைக்கால் கடற்கரையில் வெட்டரிவாள் பொழுதுபோக்கு முகாமைக் காட்டிலும் புயற்காலத்திலேயே மிகுதியும் தேவைப்படுகின்றது. 2008 நவம்பரில் நிசா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கசா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது கழிமுக மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் பெருமளவில் வீழ்ந்தன. இத்தகைய நாட்களில் இரம்பப் பொறிகள் வந்து சேரும் வரை தெருவையும் வாசலையும் திறந்துவிடுவது வீட்டு அரிவாளே.

விழுந்த மரம் அமைதியாகக் கிடப்பது போலத் தோன்றினாலும் அதன் கிளைகள் பல இழுவிசையில் இருக்கும். வளைந்து அழுந்திய கிளையை, அழுந்திய உட்பக்கத்தில் முதலில் சிறிது வெட்டி, பின்னரே இழுபடும் வெளிப்பக்கத்தில் வெட்ட வேண்டும். முறை மாறினால் கிளை பிளந்து வெட்டுபவரை அடிக்கும். இலைக்குவியலுக்குள் மின்கம்பி மறைந்திருக்கலாம். மின்துறையினர் இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்யாமல் இரும்புக் கருவியுடன் நெருங்குவது உயிருக்கு ஆபத்தானது.

பாதுகாப்பு

பயன்படுத்துமுன் பிடியை ஆட்டிப் பார்க்க வேண்டும். வீசும்போது காம்பிலிருந்து கழன்று பறக்கும் அலகு பிறரைக் கொல்லக்கூடியது. ஆடும் பிடியை நீரில் ஊற வைத்து இறுக்கும் வழக்கம் உண்டு. மரம் காய்ந்தவுடன் அது முன்னிலும் தளரும் என்பதால் இது தீர்வாகாது. கையும் அரிவாளும் சேர்ந்து எட்டும் தொலைவுக்குள் வேறு எவரும் நிற்கலாகாது. மேலே குறுக்கிடும் கொடியும் கொடிக்கம்பியும் கவனிக்கப்பட வேண்டும்.

தவறிய வெட்டு எங்கே போய் முடியும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நின்றபடி கீழ்நோக்கி வீசினால் அது முழங்காலிலோ கணுக்காலிலோ முடியலாம். மண்டியிட்டுக் கட்டை மேல் வெட்டினால் மண்ணில் முடியும். ஆகையால் பழகாதவர்கள் மண்டியிட்டு வெட்டுதல் நன்று. அந்தி சாய்ந்தபின் வெட்டுதலைத் தவிர்க்க வேண்டும்.

ஆழமான வெட்டுக்காயத்தைத் தூய துணியால் அழுத்தி, இடையில் திறந்து பார்க்காமல் குறைந்தது பத்து நிமிடங்கள் பிடித்திருக்க வேண்டும். காபித்தூள், சுண்ணாம்பு முதலியவற்றை அப்புவது காயத்தை மாசுபடுத்தும். இசிவு நோய் துருவினால் வருகின்றது என்பது பரவலான தவறான கருத்து. மண்ணிலும் சாணத்திலும் உள்ள நுண்ணுயிரியின் வித்துகளே அதற்குக் காரணம். எனவே பளபளப்பான புதிய அரிவாளும் மண் பட்டிருந்தால் அந்நோயைத் தரக்கூடும். மண் பட்ட காயம் ஏற்பட்டு, தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

பேணுதல்

கடற்காற்றின் உப்பு ஓரிரவிலேயே துருவை உண்டாக்கும். தென்னையும் வாழையும் விடும் கறை அலகைக் கருக்கச் செய்யும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, செங்கற்பொடியோ சாம்பலோ கொண்டு தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி வைப்பது வழக்கம். சாணை பிடிக்கும்போது வாயை மிக மெல்லியதாக்கினால் கணுவில் மடங்கும். தீப்பொறி பறக்க நெடுநேரம் பிடித்தால் உருக்கு சூடேறிப் பதம் இழக்கும். முகாமில் ஓர் அரமே போதுமானது.

ஓலை வீடுகளில் அரிவாளைக் கூரையின் இறவாணத்தில் செருகி வைப்பர். குழந்தைகளுக்கு எட்டாது, வேண்டும்போது உடனே கிடைக்கும். எடுத்துச் செல்வோர் சாக்குத் துணியாலோ பழைய ரப்பர்க் குழாயாலோ உறை செய்து கொள்ளலாம். ஒருவர் கையிலிருந்து மற்றவர் நேரே வாங்காமல், தரையில் வைத்து எடுத்துக் கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. கைமாற்றினால் சண்டை வரும் என்பது நம்பிக்கை. காரணம் எதுவாயினும் பழக்கம் நல்லதே.

ஆயுதம் என்னும் பெயரும் சட்டமும்

ஐயனார், கருப்பசாமி, முனீசுவரர் போன்ற காவல் தெய்வங்களின் கையிலும் அரிவாள் காணப்படுகின்றது. சிவகங்கை மாவட்டத்தின் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். 2005இல் வெளியான திருப்பாச்சி திரைப்படம் அப்பெயரை மேலும் பரப்பியது. நீண்ட வீச்சரிவாள் திரைப்படங்களில் வன்முறையின் அடையாளமாகிவிட்டதால், தோட்டத்துக்குச் செல்பவர் கையிலுள்ள வெட்டரிவாளும் ஐயத்துடன் பார்க்கப்படுகின்றது.

இந்திய ஆயுதச் சட்டம், 1959 காரைக்காலுக்கும் பொருந்தும். வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருட்கள் அச்சட்டத்தின்படி ஆயுதங்கள் அல்ல. அத்தகைய பயனுக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுகள் ஆயுத விதிகளின் பட்டியலில் அடங்கும். அவற்றை வைத்திருக்க, அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் உரிமம் தேவை. வெட்டரிவாளின் அலகு 9 அங்குலத்தை எளிதில் தாண்டுவதால், அது எந்த வேலைக்காக எடுத்துச் செல்லப்படுகின்றது என்பதே முக்கியமாகின்றது. தோப்பில் தடையற்ற அதே கருவி, இரவில் நகரத் தெருவில் உறையின்றிக் கையில் இருந்தால் காவல்துறையின் விசாரணைக்கு உள்ளாகலாம். விமானத்தில் கைப்பையில் கொண்டு செல்ல அனுமதி இல்லை.

எங்கு வெட்டலாம் என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. கடற்கரைச் சவுக்குத் தோப்புகள் ஒருவருக்கு உரிமையானவை அல்லது அரசினுடையவை. விழுந்த சுள்ளியைப் பொறுக்குவதற்கும் கேட்டுக் கொள்வதே முறை. அரசலாற்றின் முகத்துவாரத்தில் உள்ள அலையாத்திச் செடிகள் கடலோர ஒழுங்குமுறை விதிகளால் பாதுகாக்கப்படுகின்றன. காரைக்காலுக்குத் தெற்கே நாகப்பட்டினம் மாவட்டத்திலுள்ள கோடியக்கரை 1967இல் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972, ஆயுதங்கள் என்ற சொல்லில் கத்திகளையும் சேர்த்துள்ளது. அதிகாரியின் எழுத்து மூலமான முன்னனுமதி இன்றி அவற்றுடன் புகலிடத்துக்குள் நுழைவதைத் தடை செய்கின்றது. பறவை பார்க்க அங்கு செல்வோர் அரிவாளை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும்.