பிரிந்ததும் பிரித்ததும்: தில்லைக் கோவை முதல் தென்னாற்காடு வரை

கணவனும் மனைவியும் விலகி வாழ்வதையும், ஒரு மாவட்டம் இரண்டாவதையும், பாலிலிருந்து ஆடையை எடுப்பதையும் 'செபரேஷன்' என்ற ஒரே பெயர்ச்சொல்லால் ஆங்கிலம் சொல்லிவிடும். தமிழில் பிரிந்தான் வேறு, பிரித்தான் வேறு. தன்வினைக்குப் பிரிவு, பிறவினைக்குப் பிரிப்பு, சொத்துக்கும் நாட்டுக்கும் பிரிவினை. தானே போனதா, பிறர் பிரித்ததா என்று வினையே சொல்லிவிடும். இந்த வேறுபாடு எங்கே தெளிவாக இருந்தது, எங்கே மங்கியது என்பதைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை வைத்தே காட்ட முடியும்.

பழைய இலக்கணம் பிரிவைப் பாலைத் திணையின் உரிப்பொருளாக வைத்தது. திருக்குறளின் கற்பியல் தொடங்குவதே 116ஆம் அதிகாரமான பிரிவாற்றாமையில்தான். ஆனால் இச்சொல்லை வகைவகையாக விரித்துக் காட்ட, தில்லைக் கூத்தனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட மாணிக்கவாசகரின் திருக்கோவையாருக்கே வர வேண்டும். அதன் 400 பாடல்கள் 25 அதிகாரங்களாக அமைந்தவை. கடைசி ஆறு அதிகாரங்களின் பெயர்களும் பிரிவு என்றே முடிகின்றன. கல்விக்காகப் போகும் ஓதற்பிரிவுக்கு 4 பாடல்கள். காவற்பிரிவுக்கும் பகைதணிவினைப் பிரிவுக்கும் இரண்டிரண்டு. வேந்தற்குற்றுழிப் பிரிவுக்கு 16. பொருள்வயிற் பிரிவுக்கு 20. பரத்தையிற் பிரிவுக்கு மட்டும் 49.

இந்த எண்ணிக்கையை மரபின் வாய்பாடு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. முதல் ஐந்தில் தலைவன் ஊரை விட்டுப் போகிறான். காடும் வழியும் நாளும் இடையில் நிற்கின்றன. ஆறாவதில் அவன் பரத்தையிடம் போனாலும் அதே ஊரில்தான் இருக்கிறான். தொலைவு இல்லை, பிரிவு இருக்கிறது. மற்ற ஐந்துக்கும் சேர்த்து 44 பாடல்கள் என்றால், இந்த ஒன்றுக்கே 49. அதில் தலைவி அவன் விடும் தூதுக்கு வாயில் மறுக்கிறாள், ஊடுகிறாள், தோழி இடையில் நின்று பேசுகிறாள். குற்றம் யாருடையது என்பதில் பாடலுக்குக் குழப்பமே இல்லை. பிரிவு என்பது இடத்தின் இடைவெளி அல்ல, உறவின் நிலை என்ற கருத்து அன்றே முழு வடிவில் இருந்தது.

கடலூரின் கதை வேறு. கெடிலமும் பெண்ணையாறும் உப்பனாறும் கடலைத் தேடி வரும் இந்த ஊரின் பழம்பெயர் கூடலூர் என்பர்; கூடுவதால் பெயர் பெற்ற ஊர். அந்த ஊரிலிருந்துதான் ஆட்சியின் பிரிப்பு நடந்தது. 1801இல் ஆற்காட்டு நவாபின் நிலம் கும்பினியின் நேரடி ஆட்சிக்கு வந்தபின், அதன் தென்பகுதி தென்னாற்காடு என்ற மாவட்டமானது. கடலூர் அதன் தலைநகர். அந்த மாவட்டமும் 1993 செப்டம்பர் 30இல் கடலூர், விழுப்புரம் என இரண்டானது. விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சி தனியானது. மாவட்டம் பிரிந்தது என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். பிரித்தது அரசாணை, பேச்சில் வருவதோ தன்வினை. மங்கல் இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அலுவலகத் தமிழில் அது இன்னும் அடர்த்தி. ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மேசைக் கூட்டமும் பிரிவு, புல எண்ணின் துண்டு உட்பிரிவு, சட்டத்தின் கூறும் பிரிவு. சிதம்பரம் தீட்சிதர்களைத் தனிச் சமயப் பிரிவு என 1951இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றபோதும், 2014இல் உச்ச நீதிமன்றம் அதை ஒட்டியே கோயில் நிர்வாகம் பற்றித் தீர்ப்பளித்தபோதும், தமிழில் எழுதியவர்களுக்குக் கைகொடுத்தது இதே சொல். போனவரைக் குறித்த சொல் இப்போது இருக்கும் ஒரு கூட்டத்தைக் குறிக்கிறது.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் பிரிவு 10, நீதிமுறைப் பிரிவு பற்றியது. ஒரே வரியில் ஒரே சொல் இரண்டு பொருளில் நிற்கிறது. நீதிமுறைப் பிரிவுத் தீர்ப்பு திருமணத்தை முறிப்பதில்லை; சேர்ந்து வாழ வேண்டிய கடமையை மட்டும் நீக்குகிறது. அதன்பின் ஓராண்டு இருவரும் சேராமல் இருந்தால் மணவிலக்குக் கேட்கலாம். தொலைவால் அளக்காத பிரிவு என்ற அளவில் இது ஐந்து வகைப் பயணப் பிரிவுகளோடு சேராது. பரத்தையிற் பிரிவின் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஊர்ப் பேச்சில் சட்டச் சொல் அவ்வளவாக இறங்கவில்லை. பாகம் பிரிச்சாச்சு, தனிக்குடித்தனம் போயாச்சு, அத்துக்கிட்டாங்க என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. கணவனைப் பிரிந்தவளுக்கு மட்டும் வாழாவெட்டி என்ற சொல் காத்திருக்கிறது. அவள் வெளியேறினாளா, வெளியேற்றப்பட்டாளா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. கோவையின் தலைவி வாயிலை மறுத்தாள். சட்டம் கணவனுக்கும் மனைவிக்கும் மனுச் செய்யச் சம உரிமை தருகிறது. வாழாவெட்டி என்பதற்கு மட்டும் இன்றுவரை ஆண்பால் இல்லை.