கட்டி வைக்கப்படும் நாய்

எங்கள் துறையின் இளம் நண்பர் ஒருவர் திபெத்திய மாஸ்டிஃப் குட்டி ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கப் போவதாகச் சொன்னார். மதுரையில் மாடி வீடு, வயதான தாயார், ஐந்து வயதுப் பெண் குழந்தை. "காவலுக்கு இதை மிஞ்சியது இல்லையாமே சார்?" என்றார். எதற்குக் காவல் என்பதை அந்நாயின் வரலாற்றிடமே கேட்பது நல்லது என்று தோன்றியது.

திபெத்தியர் இதனை 'தோ-கி' என்பர். 'கட்டி வைக்கப்படும் நாய்' என்பது அதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் பொருள். பெயருக்குள்ளேயே கயிறு கிடக்கிறது! கடல்மட்டத்துக்கு 4000 மீட்டருக்கும் மேலான பீடபூமியில், மேய்ச்சல் குடிகள் பகலில் இதனை யாக் மயிரால் நெய்த கருங்கூடாரத்தின் அருகே முளையடித்துக் கட்டினர். இரவில் அவிழ்த்து விட்டனர். ஓநாயும் பனிச்சிறுத்தையும் திருடனும் வரும் நேரம் அது. ஏவுவார் இல்லாமலே பகை எது, உறவு எது என்று தானே தீர்மானிக்கும் இயல்பு அந்த இரவுகளில் உருவானது. இன்று வாங்கியவர்கள் 'சொன்ன சொல் கேட்பதில்லை' என்று குறைப்படுவது இந்த இயல்பைத்தான். அந்த உயரத்தில் மூச்சுவிட உதவும் மரபணுவை இந்நாய் ஓநாயிடமிருந்தே பெற்றது என்று மரபியலாளர் காட்டியுள்ளனர். எவனைத் தடுக்க நிறுத்தப்பட்டதோ அவனிடமே கடன்!

13ஆம் நூற்றாண்டின் மார்க்கோ போலோ, திபெத்தின் நாய்கள் கழுதையளவு பெரியவை என்றார். மிகைதான். ஆனால் அந்த மிகையே பின்னாளில் விலையாயிற்று. 1847இல் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்சு விக்டோரியா அரசிக்கு ஒன்றை அனுப்பினார். 1950களின் இறுதியில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு இரண்டு நாய்கள் பரிசாக வந்தன. அவை வெள்ளை மாளிகையில் வளரவில்லை, ஒரு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தன. அதிபரின் தோட்டமே போதாத நாய்க்கு நம் மொட்டை மாடி எம்மாத்திரம்?

பெருங்கூத்து சீனத்தில் நடந்தது. புதுப்பணக்காரர்களின் கௌரவச் சின்னமாக இது மாறியது. 2014இல் ஒரு குட்டி 1.2 கோடி யுவானுக்கு விலைபோனதாகச் செய்தி வந்தது. மறு ஆண்டே சந்தை சரிந்தது. வளர்ப்போர் கைவிட்ட நாய்கள் பீடபூமியின் ஊர்களில் கூட்டமாகத் திரியத் தொடங்கின. கால்நடைகளையும் மனிதரையும் தாக்கின. மந்தையைக் காத்த இனம் மந்தைக்கே பகையானது. நாயின் மேல் இதில் என்ன குற்றம்?

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். முழு வளர்ச்சி பெற்ற ஆண் நாய் 40 முதல் 68 கிலோ வரை இருக்கும். இரட்டை அடுக்கு மயிர், பனிக்காக அமைந்தது, சித்திரை வெயிலுக்காக அன்று. இரவெல்லாம் குரைப்பது அதற்குக் கடமை. அண்டை வீட்டாருக்கு அது வேறு மாதிரி கேட்கும். வீட்டாரிடம் சாந்தமாக இருக்கும், ஆனால் குழந்தையோடு விளையாட வரும் தோழியை அது அந்நியர் என்றே கொள்ளக்கூடும். "நீங்கள் கல்லூரியில் இருக்கும்போது சங்கிலியைப் பிடிப்பது யார்?" என்று கேட்டேன். அவர் தாயாரை நினைத்துக்கொண்டார் போலும்.

முன்பணம் இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. நேற்று வந்து, "அப்படியானால் ராஜபாளையம், சார்?" என்றார். அதன் வரலாற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.