பெயர்ப் பதிவேடு பெயர்ச் சந்தையானது: இணையக் களப்பெயர் மறுவிற்பனையின் வரலாறு

இணையத்தில் ஒரு தளத்தின் முகவரியாக அமையும் பெயர் களப்பெயர் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் அது டொமைன். ஆண்டுக்குச் சுமார் பத்து டாலர் செலவில் எவரும் பதிவு செய்துகொள்ளத்தக்க இப்பெயர்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்து, தேவைப்படுவோர் தேடி வரும்போது பல மடங்கு விலைக்கு விற்கும் தொழில், இன்று தனக்கென ஏல நிறுவனங்களும் தரகர்களும் விலை மதிப்பீட்டாளர்களும் கொண்ட வணிகமாக வளர்ந்துள்ளது. 2019ஆம் ஆண்டில் வாய்ஸ் டாட் காம் என்ற ஒரே ஒரு பெயர் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. இத்தகைய விலைகளைக் கண்டு வியப்போர் அவற்றைச் சிலருடைய தொலைநோக்கின் பலன் என்றும், வெறுப்போர் அவற்றைச் சிலருடைய பேராசையின் பலன் என்றும் சொல்வதுண்டு. பதிவு விதிகள் உருவான வரலாற்றை ஊன்றி நோக்கினால் இவ்விரு விளக்கங்களும் போதா என்பது தெரியவரும். முந்தி வந்தவருக்கே பெயர் என்ற வரிசை முறையும், எல்லாப் பெயருக்கும் ஒரே கட்டணம் என்ற ஏற்பாடும், கேட்பவருக்கு அப்பெயர் ஏன் வேண்டும் என்று விசாரியாமல் விடும் வழக்கமும் நிர்வாக வசதிக்காக ஏற்பட்டவை. அவை ஒன்றுசேர்ந்தபோது, பெயருக்குரிய உண்மையான மதிப்புக்கும் அதன் பதிவுக் கட்டணத்துக்கும் இடையே பெரும் இடைவெளி தோன்றியது. மறுவிற்பனையாளரின் ஆதாயம் முழுவதும் அந்த இடைவெளியிலிருந்தே வந்தது.

இலவசப் பதிவேட்டின் காலம்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில், கணினிகளின் பெயர்களையும் அவற்றுக்குரிய எண் முகவரிகளையும் கொண்ட ஒரே ஒரு கோப்பு, கலிபோர்னியாவிலிருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லரின் தலைமையில் இயங்கிய தகவல் மையத்தில் பராமரிக்கப்பட்டு வந்தது. கணினிகள் பெருகப் பெருக, ஒரு கோப்பை எல்லோரும் படியெடுத்துக்கொள்ளும் முறை நெடுநாள் தாங்காது என்பது தெளிவானது. எனவே, பெயர்களைப் படிநிலைகளாகப் பகுத்து, ஒவ்வொரு படிநிலையையும் வெவ்வேறு பொறுப்பாளரிடம் விடும் அமைப்பைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்தார். அதன்படி நிறுவப்பட்ட டாட் காம் பிரிவில் முதற்பெயர் 1985 மார்ச் 15 அன்று பதிவாயிற்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கணினி தயாரித்துவந்த சிம்பாலிக்ஸ் என்ற நிறுவனம் அதைப் பெற்றது. அவ்வாண்டு முழுவதும் அப்பிரிவில் பதிவான பெயர்கள் ஆறே.

அக்காலத்தில் பதிவுக்குக் கட்டணம் இல்லை. செலவை அமெரிக்க அரசு ஏற்றது. பெயர் அமைப்பின் பொறுப்பாளராக விளங்கிய ஜான் போஸ்டல் 1994 மார்ச்சில் வெளியிட்ட ஆவணம், பிற்காலத்து வழக்குகளின் பின்னணியில் படிக்கும்போது தனி முக்கியத்துவம் பெறுகிறது. டாட் காம் போன்ற உயர்நிலைக் களங்களை நிர்வகிப்போர் உரிமை, உடைமை என்ற நோக்கில் சிந்திப்பது பொருந்தாது என்றும், சமூகத்துக்கு ஆற்றும் சேவையும் பொறுப்புமே அவர்கள் கருத்தில் கொள்ளத்தக்கவை என்றும் அது கூறியது. ஒரு பெயரைப் பதிவு செய்வதால் வணிகச் சின்ன உரிமை எதுவும் கிட்டாது என்றும், பெயர் குறித்துப் பூசல் எழுந்தால் இரு தரப்பினரின் தொடர்பு விவரங்களைத் தருவதோடு பதிவகத்தின் கடமை முடிகிறது என்றும் அதே ஆவணம் வரையறுத்தது. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள் நடுவே இது நியாயமான ஏற்பாடாகவே இருந்தது. இணையம் வணிகர்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, பூசலில் தலையிடாத அந்தப் பதிவகமே பதுக்குவோருக்குத் துணையாகிவிட்டது.

1994இல் செய்தியாளர் ஜோஷுவா குவிட்னர் வயர்டு இதழில் இதை வெளிச்சமிட்டுக் காட்டினார். மெக்டொனால்ட்ஸ் உணவக நிறுவனத்தின் பெயர் எவராலும் பதிவு செய்யப்படாமல் இருப்பதைக் கண்ட அவர், அதைத் தம் பெயரில் பதிந்துகொண்டு, பின்னர் ஒரு பள்ளிக்கு நிறுவனம் 3,500 டாலர் உதவி அளித்ததன் பேரில் விட்டுக்கொடுத்தார். பணம் அவர் கைக்குப் போகவில்லை. எனினும் ஒரு பெயருக்கு எதிரே ஒரு தொகை வைக்கப்பட்டதை எல்லோரும் கண்டனர்.

கட்டணமும் பதுக்கலும்

1993 முதல் பதிவுப் பணியை அரசு ஒப்பந்தத்தின் பேரில் நடத்திவந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், 1995 செப்டம்பரில் முதன்முறையாகக் கட்டணம் விதித்தது: முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர். இலவசத்தால் விளைந்த பதுக்கலைக் கட்டணம் மட்டுப்படுத்தும் என்று எதிர்பார்க்க இடமிருந்தது. எல்லாச் சொல்லுக்கும் ஒரே கட்டணம் என்று வைத்ததால் விளைவு வேறாயிற்று. வணிகம் என்ற பொதுச்சொல்லுக்கும் பொருளற்ற எழுத்துக் கோவைக்கும் ஒரே விலை என்றானபோது, எது பின்னாளில் தேவைப்படும் என்று ஊகிக்கக்கூடியவருக்கு அந்த நூறு டாலர் முதலீடாக மாறியது.

இக்காலப் பதுக்கலின் போக்கை டென்னிஸ் டோப்பன் வழக்கு நன்கு காட்டுகிறது. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த இவர் டெல்டா, லுஃப்தான்சா முதலிய விமான நிறுவனங்களின் பெயர்கள் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களைத் தம் பெயரில் பதிந்து வைத்திருந்தார். திரைப்படக் கேமரா தயாரிக்கும் பானாவிஷன் நிறுவனம் தன் பெயரைப் பதிய முற்பட்டபோது, அது ஏற்கெனவே அவர் வசம் இருப்பதைக் கண்டது. அந்த முகவரியில் பானா என்ற சிற்றூரின் வான்வழிப் படங்களே இருந்தன. நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுதிய கடிதத்துக்கு விடையாக, 13,000 டாலர் தந்தால் பெயரை விட்டுவிடுவதாக அவர் எழுதினார். நிறுவனம் மறுத்ததும், அதன் கேமரா ஒன்றின் பெயரான பானாஃப்ளெக்ஸ் என்பதையும் பதிவு செய்துகொண்டார். அப்பக்கத்தில் ‘ஹலோ’ என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது.

தாம் எந்தப் பொருளையும் விற்கவில்லை, ஆகவே வணிகச் சின்னத்தை வணிகத்தில் பயன்படுத்தவில்லை என்பது டோப்பனின் வாதம். 1998 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சின்னத்தின் உரிமையாளரிடமே அதை விற்க முயல்வதுதான் அவருடைய வணிகம் என்றும், அதுவே வணிகப் பயன்பாடு என்றும் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொற்களை நீட்டிப் பொருள் கொண்டே இம்முடிவை எட்ட வேண்டியிருந்தது என்பதால், 1999 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் பதுக்கலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, ஒரு பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு விதிக்க வழி செய்தது.

பெயரும் பொதுச்சொல்லும்

1998இல் பெயர் அமைப்பின் நிர்வாகத்துக்கென உருவாக்கப்பட்ட ஐகான் அமைப்பு, மறு ஆண்டே உலகளாவிய தகராறுத் தீர்வு விதிகளை ஏற்றது. நாடு தோறும் வழக்காடாமல், குறைந்த செலவில், ஆவணங்களை மட்டும் பார்த்து நடுவர் முடிவு செய்யும் முறை இது. முறையீட்டாளர் மூன்றை மெய்ப்பிக்க வேண்டும்: பெயர் தமது வணிகச் சின்னத்தை ஒத்திருக்கிறது, பதிந்தவருக்கு அதில் நியாயமான நலன் இல்லை, அது தீய நோக்கோடு பதியப்பட்டுப் பயன்படுத்தப்படுகிறது. சின்னத்தின் உரிமையாளருக்கோ அவருடைய போட்டியாளருக்கோ, பதிவுச் செலவுக்கு மேற்பட்ட தொகைக்கு விற்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு பதிவது தீய நோக்கின் சான்றாகக் கொள்ளப்பட்டது. உலக மல்யுத்தக் கூட்டமைப்பு 1999 டிசம்பரில் தொடுத்த முதல் வழக்கில், 1,000 டாலருக்குப் பெயரை விற்க முன்வந்தவர் அதை இழந்தார்.

இவ்விதி மறுவிற்பனையை ஒழித்ததாக எண்ணுவது பிழை. அது உண்மையில் செய்தது, மறுவிற்பனைக்கு ஓர் எல்லை வகுத்ததே. பிறருடைய சின்னத்தைப் பதுக்குவது விதிமீறலானது. எவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுச்சொற்களை வாங்கி விற்பது எல்லைக்கு இப்பால் நின்றது. தொடக்கத்தில் இதிலும் ஒருமித்த கருத்து இல்லை. 2000ஆம் ஆண்டில் ஜே. க்ரூ என்ற ஆடை நிறுவனம் க்ரூ டாட் காம் பெயருக்காகத் தொடுத்த வழக்கில், ஏராளமான பெயர்களை ஊக வணிகத்துக்காகச் சேர்த்து வைப்பதே முறையன்று என்று நடுவர்களில் பெரும்பான்மையோர் கருதிப் பெயரை நிறுவனத்துக்கு அளித்தனர். மாறுபட்ட நடுவரோ, பொதுச்சொல்லை முந்திப் பதிந்தவரிடமிருந்து பறிப்பதற்கு விதியில் இடமில்லை என்று எழுதினார். அதே ஆண்டில் பாடகர் ஸ்டிங், தம் மேடைப் பெயர் அகராதியில் உள்ள சொல்லாகவும் இருப்பதால் அப்பெயரைப் பெற முடியாமல் போனார். பின்வந்த நடுவர்கள் பெரும்பாலும் க்ரூ வழக்கின் மாறுபட்ட கருத்தையே பின்பற்றினர். பெரும்பான்மையினர் எழுப்பிய கேள்வி விடையின்றியே புறந்தள்ளப்பட்டது வருந்தத்தக்கது; கோடிக்கணக்கானோர் புழங்கும் ஒரு மொழியின் அன்றாடச் சொற்களை, அவற்றை வைத்து எதையும் செய்ய எண்ணாத சிலர் கையடக்கிக்கொள்வது பொதுநலனுக்கு ஏற்றதா என்பதே அக்கேள்வி.

இந்த எல்லைக்குள் வணிகம் தழைத்தது. பிசினஸ் டாட் காம் 1997இல் 1,50,000 டாலருக்கு வாங்கப்பட்டு, 1999இல் 75 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. 2007இல் அது 34.5 கோடி டாலருக்கு விலைபோனதாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அந்தத் தொகை பெயருக்கு மட்டும் தரப்பட்டதன்று, அப்பெயரில் நடந்துவந்த நிறுவனம் முழுமைக்கும் உரியது. இதைப் பிரித்துப் பாராத கணக்குகள் பலரைத் தவறான நம்பிக்கையோடு இத்தொழிலுக்குள் இழுத்திருக்கின்றன.

உடைமையாக ஏற்பு

களப்பெயர் ஓர் உடைமையா, அல்லது பதிவகத்தோடு செய்துகொண்ட சேவை ஒப்பந்தத்தின் விளைவு மட்டுமா? 2000இல் வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம், கடனுக்காகக் களப்பெயர்களைப் பற்றுகை செய்யக் கோரிய வழக்கில், அது ஒப்பந்த உரிமையே என்றது. மூன்றாண்டுகள் கழித்து நிலைமை மாறியது. கேரி கிரெமென் 1994இல் பதிந்திருந்த செக்ஸ் டாட் காம் பெயரை, ஸ்டீபன் கோஹென் என்பவர் ஒரு போலிக் கடிதத்தைக் காட்டித் தமக்கு மாற்றிக்கொண்டார். கிரெமெனின் நிறுவனத்துக்கு நேரடி இணைய இணைப்பு இல்லாததால் பதிவகத்துக்குத் தாமே எழுத முடியவில்லை என்று அக்கடிதத்தில் கூறப்பட்டிருந்தது. இணைய விளம்பரத்தையே பெயரில் தாங்கிய ஒரு நிறுவனத்துக்கு இணைப்பு இல்லை என்பதைப் பதிவகம் ஐயுறவும் இல்லை, கிரெமெனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கோஹென் 6.5 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது; அவரோ நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார். பதிவகத்தின் மீதான வழக்கில் ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் 2003இல், களப்பெயர் துல்லியமாக வரையறுக்கத்தக்கது, ஒருவர் மட்டுமே ஆளத்தக்கது, நியாயமான தனியுரிமைக் கோரிக்கைக்கு உரியது ஆகையால் அது உடைமையே என்று முடிவு செய்தது. போஸ்டலின் ஆவணத்திலிருந்து ஒன்பதே ஆண்டுகளில், உடைமை என்று பேசுவதே பொருந்தாது என்ற மனப்பாங்கு முற்றிலும் தலைகீழானது.

இந்தியாவில் களப்பெயர் குறித்த சட்டம் வேறு வழியில் வளர்ந்தது. 1999 பிப்ரவரியில் யாஹூ இந்தியா டாட் காம் பெயருக்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. உச்ச நீதிமன்றத்தின் முதன்மையான தீர்ப்பு 2004 மே மாதம் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் வழக்கில் வந்தது. அந்நிறுவனம் தன் பெயரின் கூறுகளைச் சேர்த்துச் சிஃபி என்ற சொல்லைப் படைத்து, அதைக் கொண்ட பெயர்களை 1999இல் பதிந்திருந்தது. ஒரே ஓர் எழுத்து மிகுந்த பெயரை 2001 முதல் பயன்படுத்திய எதிர்த்தரப்பு, தம் ஐந்து நிறுவனர்களின் முதலெழுத்துகளே அப்பெயர் என்று வாதிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்விளக்கத்தை நம்பவில்லை. களப்பெயர்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லாவிடினும், ஒருவர் தம் சரக்கைப் பிறருடையதெனத் தோன்றச் செய்வதைத் தடுக்கும் பழைய நெறி இதற்கும் பொருந்தும் என்றது. இது மறுவிற்பனை வழக்கன்று. எனினும் இந்திய நீதிமன்றங்கள் பிற்காலத்தில் பதுக்குவோரைக் கையாண்டது இதன் அடிப்படையிலேதான்.

காலாவதியும் ஐந்து நாள் சலுகையும்

நல்ல சொற்கள் தீர்ந்த பின், வணிகர்களின் கவனம் கைவிடப்பட்ட பெயர்கள் மீது திரும்பியது. டாட் காம் பிரிவில் புதுப்பிக்கப்படாத பெயர் உடனே விடுபடுவதில்லை. பதிவகத்துக்கும் வாங்குவோருக்கும் இடையே நின்று பெயர்களைப் பதிந்து தரும் பதிவு முகவர் அதை நீக்கிய பின்னும் பழைய உரிமையாளர் மீட்டுக்கொள்ள 30 நாள் அவகாசம் உண்டு, அதன்பின் ஐந்து நாள் காத்திருப்பு. அக்காலம் முடிந்து பெயர் விடுபடும் கணத்தில், அதைப் பற்றிக்கொள்ள எழுதப்பட்ட நிரல்கள் பதிவகத்தின் கணினிக்கு இடைவிடாது விண்ணப்பங்களை அனுப்புகின்றன. ஒவ்வொரு பதிவு முகவருக்கும் சம அளவு இணைப்புகளே தரப்பட்டதால், வாய்ப்பைப் பெருக்குவதற்காக ஒரே நிறுவனம் நூற்றுக்கணக்கான முகவர் உரிமங்களைப் பல பெயர்களில் வாங்கி வைத்தது. சம வாய்ப்புக்காக ஏற்பட்ட விதி, பணமுள்ளவருக்கு மட்டுமே வாய்ப்பு என்பதாக முடிந்தது.

இதனினும் கேடானது, தவறுதலாகப் பதிந்தவர் ஐந்து நாட்களுக்குள் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற சலுகையின் துர்ப்பயன். பெயர்களை இலட்சக்கணக்கில் பதிந்து, விளம்பரம் வைத்து, வருவோர் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, ஆதாயம் தராதவற்றை ஐந்தாம் நாள் திருப்பிக் கொடுப்பது ஒரு தொழிலாயிற்று. அளவுக்கு மீறித் திருப்பப்படும் பெயர்களுக்கு ஐகான் கட்டணம் விதித்ததும், 2008 ஜூனுக்கும் 2009 ஏப்ரலுக்கும் இடையே இப்பழக்கம் 99.7 விழுக்காடு மறைந்தது. கட்டண விதியில் செய்த சிறு திருத்தம் பத்தே மாதங்களில் இதைச் சாதித்தது என்பது, சிக்கல் தொடக்கம் முதலே விதியில்தான் இருந்தது என்பதற்குக் கிடைக்கும் வலுவான சான்று.

ஆதாயம் இடம் மாறுதல்

2012இல் ஐகான் புதிய உயர்நிலைக் களங்களுக்கு விண்ணப்பம் கோரியபோது, ஒவ்வொன்றுக்கும் 1,85,000 டாலர் கட்டணத்தோடு 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. இக்களங்களின் பதிவகங்கள் பழைய வரலாற்றைக் கவனித்திருந்தன. பல பதிவகங்கள் கவர்ச்சியான சொற்களை முதலிலேயே ஒதுக்கி வைத்து, அவற்றுக்குத் தனி உயர்விலை குறித்தன. இடைத்தரகருக்குப் போயிருக்கக்கூடிய ஆதாயத்தைப் பதிவகமே எடுத்துக்கொண்டது. சிறு தொழில் தொடங்குவோருக்கு அதனால் பெயர் மலிவாகிவிடவில்லை.

நாடுகளுக்கு ஒதுக்கப்பட்ட ஈரெழுத்துக் களங்களில் கதை வேறுவிதமாகச் சென்றது. டிவி என்ற களத்தைப் பெற்ற துவாலு தீவு நாடு, 2000இல் அதன் உரிமத்தை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு அளித்து, அந்த வருவாயின் துணையோடு அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினரானது. கரீபியக் கடலில் சுமார் 16,000 பேர் வாழும் அங்குயிலாவுக்குக் கிடைத்த ஏஐ என்ற ஈரெழுத்து, செயற்கை நுண்ணறிவின் ஆங்கிலச் சுருக்கமாகவும் அமைந்ததால், 2023இல் அத்தீவின் அரசுக்கு ஏறத்தாழ 3.2 கோடி டாலர் வந்தது. அது அரசின் மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்கினும் மிகுதி. அங்கும் ஊக வணிகர்கள் இருந்தனர். எனினும் அக்களத்தின் கட்டணம் டாட் காமின் கட்டணத்தைவிடப் பல மடங்காக, இரண்டு ஆண்டுகளுக்கு 140 டாலர் என்று வைக்கப்பட்டிருந்தது; காலாவதியான பெயர்கள் வேகமான நிரல் வைத்திருப்பவர் கையில் சிக்காமல் பதிவகத்தின் ஏலத்துக்கே வந்தன. டாட் காமில் தரகரிடம் சேர்ந்துவிடும் தொகையின் ஒரு பகுதி, அங்கே தீவின் பொதுக் கருவூலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.