குளிர்காலம் காணாத கொழுந்து: கேமரன் மலைத் தேயிலையும் ஊலாங் மரபும்

கேமரன் மலைத் தேயிலையின் தரத்துக்கு உயரமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அங்குள்ள தானா ராத்தா நகரம் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தைவானில் தோங்திங் என்ற ஊலாங் வகைத் தேயிலைக்குப் பெயர்போன லூகு வட்டாரத் தோட்டங்கள் பல அதில் பாதி உயரத்தில்தான் இருக்கின்றன. இருந்தும் மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள இந்த மலையில் ஊலாங் ஒரு பெருந்தொழிலாக வளரவில்லை. உயரத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

ஊலாங்கின் தாயகம் சீனத்தின் பூஜியான் மாநிலம். வூயி மலையும் ஆன்சி வட்டாரமும் அதன் இரு கண்கள். அங்கே பறித்த இலையை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டுகளில் பரப்பி, விட்டுவிட்டுக் குலுக்குவார்கள். குலுக்கலில் இலையின் ஓரம் மட்டும் கசங்கும். காற்றுப்பட்டு ஓரம் சிவக்க, நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். பச்சை வாடை மாறிப் பூமணம் எழும்பும்போது சூடான வாணலியில் புரட்டி, மேற்கொண்டு சிவக்காமல் நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தைக் கணிப்பது கடிகாரமல்ல, மூக்கு. வூயியில் அதன்பின் கரியனலில் வாட்டுவதும் உண்டு.

பூஜியானிலிருந்து குடியேறியவர்களோடு இந்தக் கைவினை தைவானுக்குப் போனது. 1860களில் ஜான் டாட் என்ற பிரிட்டிஷ் வணிகர், லீ சுன்ஷெங்கின் துணையோடு ஆன்சிச் செடிகளைத் தருவித்துப் பயிரிடுவோருக்குக் கொடுத்தார். 1869இல் தைவான் ஊலாங் நேராக நியூயார்க்குக்குக் கப்பலேறியது. தத்துப்பூச்சி கடித்த கொழுந்தைக்கூட அங்கே வீணாக்கவில்லை. அந்தக் கடியால் இலையில் தேன்மணம் ஊறுகிறது; அதிலிருந்து பிறந்ததுதான் ‘கீழைநாட்டு அழகி’ எனப்படும் ஊலாங்.

கேமரன் மலைக்குத் தேயிலை வந்த பாதை வேறு. ராபர்ட் ஃபார்ச்சூன் 1848 முதல் சீனச் செடிகளை இமயமலை அடிவாரத்துக்குக் கடத்தினார். அந்த இனம் டார்ஜிலிங்கில் நிலைத்தது. ஆனால் பிரிட்டிஷ் தோட்டத்துரைகளுக்கு லாபம் தந்தது பெரிய இலை கொண்ட அசாம் இனம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் இலங்கையின் லூல்கந்துராவில் தொடங்கிய தோட்ட முறை அதை வளர்த்தெடுத்தது. 1929இல் கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னைத் துணைக்கு வைத்துக்கொண்டார். 1933இல் பாரத் நிறுவனமும் வந்தது. ஆக, விதை அசாமுடையது, முறை இலங்கையுடையது, கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் தமிழருடையவை. சீன மரபு இங்கே வந்து சேரும் முன்பே இரண்டு முறை உருமாறிவிட்டது.

பருவமும் ஒத்துழைக்கவில்லை. வூயி ஏறத்தாழ 27 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. குளிர்காலத்தில் செடி உறங்கும், வசந்தத்தில் சேமித்த சாரத்தோடு துளிர்க்கும். முதல் பறிப்புக்கு அத்தனை விலை வருவது அதனால்தான். கேமரன் மலையோ நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் கிடக்கிறது. குளிர்ச்சி உண்டு, குளிர்காலம் இல்லை. ஆண்டு முழுவதும், சில வாரங்களுக்கு ஒருமுறை, கொழுந்து வந்துகொண்டே இருக்கும். ஆலைக்கு இது வரம். தனிச்சுவை தேடுபவருக்கு அப்படியல்ல.

இவற்றைவிட முக்கியமானது குடிப்பவரின் நாக்கு என்பது என் கருத்து. மலேசியாவின் மாமாக் உணவுக்கடையில் டின்பால் ஊற்றி ஆற்றும் தே தாரிக்குக்குக் கறுத்த சாயமும் துவர்ப்பும் வேண்டும். மெல்லிய பூமணம் அந்தப் பாலில் மூழ்கிப்போகும். தைவானில் ஏற்றுமதி தளர்ந்தபோது உள்ளூர்க்காரர்களே நல்ல விலை கொடுத்து வாங்கினார்கள். 1970களிலிருந்து தேயிலைப் போட்டிகளும் உயர்மலைத் தோட்டங்களும் பெருகின. மலேசியாவில் உள்ளூர்ச் சந்தை வலுவாக இருந்தும் அது கேட்டது வேறு தேநீர்.

பறிக்கும் கையும் மாறிவிட்டது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்புவதைத் தடைசெய்தது. இப்போது தோட்டங்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களைப் பார்க்கலாம். சரிவுகளில் கத்தரியும், சமதளத்தில் இருவர் பிடிக்கும் இயந்திரமும் ஓடுகின்றன. கத்தரி இரண்டிலையும் ஒரு மொட்டும் பார்த்து எடுக்காது. முற்றிய இலையும் காம்பும் சேர்ந்தே விழும். கறுப்புத் தேயிலையில் சல்லடை அதைச் சமாளித்துவிடும். முழு இலையைச் சுருட்டி விற்கும் உயர்மலை ஊலாங்கில் அது நடக்காது. அதனால் தைவானின் உயரத் தோட்டங்களில் இன்றும் பெரும்பாலும் கையால்தான் பறிக்கிறார்கள். அந்தக் கூலியும் விலையில் ஏறிவிடுகிறது.