மூட்டை இறங்கி, ஆள் ஏறிய படகு

சிங்கப்பூர் ஆற்றில் கிளார்க் கீ துறையில் படகேறினால் நாற்பது நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஆற்றோடு கீழே போய், பாலங்களைக் கடந்து, மெர்லயன் சிலை நீர் உமிழும் மரினா விரிகுடாவில் ஒரு வளையம் போட்டு, வந்த வழியே திரும்பலாம். மாலையில் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்துக்குத்தான் கூட்டம் அதிகம். ஏறுகிறவர்கள் எல்லாரும் கரையைப் பார்க்கிறார்கள். நான் உங்களைப் படகைப் பார்க்கச் சொல்வேன்.

மரப்படகு. அகன்ற வயிறு, மேலே கூரை, முகப்பில் இருபுறமும் தீட்டிய இரண்டு கண்கள். ஐம்பது பேர் உட்கார்ந்து ஊர் பார்க்க ஒரு படகுக்கு இவ்வளவு பெரிய வயிறு வேண்டியதில்லை. இந்த உருவம் அரிசி மூட்டைக்காக உண்டானது. பம்போட் என்று இன்று எல்லாரும் சொல்லும் இந்தப் படகின் மூதாதைகள் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேல் இந்த ஆற்றில் சுமை சுமந்தன. சவாரி பிறந்தது 1980களில். அதைப் பெற்ற படகோ ஊரோடு ஒரே வயது.

1819ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் இந்த ஆற்றின் வாயில் வந்து இறங்கினார். வரி கேட்காத துறைமுகம் என்று பெயர் பரவியதும் கப்பல்கள் வந்து குவிந்தன. ஆறு ஆழமில்லாதது, பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. ஆகவே கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நின்றன. வணிகர்களின் கிடங்குகள் ஆற்றங்கரையில் எழுந்தன. தென்கரை அப்போது சேறும் சதுப்புமாகக் கிடந்தது. பக்கத்திலிருந்த ஒரு குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி மேடாக்கித்தான் 1820களில் போட் கீ கரையை உண்டாக்கினார்கள். குன்று இருந்த இடம் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ். கப்பலுக்கும் கிடங்குக்கும் நடுவே போய்வர ஒரு படகு வேண்டியிருந்தது.

அந்தப் படகைத் தள்ளியவர்கள் நம்மவர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியாக்கள், பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். ராஃபிள்ஸ் 1822ல் ஊருக்கு வரைபடம் போடச் சொன்னபோது ஆற்றோரம் மேற்பக்கமாகச் சூலியா கம்பம் என்று அவர்களுக்கென ஓர் இடம் குறிக்கப்பட்டது. 1860கள் வரை ஆற்றின் சரக்குப் படகுத் தொழிலில் அவர்கள் கையே ஓங்கியிருந்தது. சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்றதும் தோட்டமும் ரயில் பாதையும் சிறைக்கைதிகளும் நினைவுக்கு வருவதுபோல் இந்தப் படகுக்காரர்கள் வருவதில்லை. எனக்கு இது நெடுநாள் குறை. ஒரு துறைமுக நகரத்தின் முதல் நாற்பது ஆண்டுச் சரக்கு யார் கை பட்டுக் கரையேறியது என்பது சின்னச் செய்தியா?

அவர்கள் விட்டுச்சென்ற தடங்கள் ஆற்றிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கின்றன. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826ல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். அதே சாலையில் 1827ல் எழுந்த மாரியம்மன் கோயில். தெலுக் ஆயர் தெருவில், அது கடற்கரையாக இருந்த காலத்தில் கட்டிய நாகூர் தர்கா. கடலில் போகிறவனுக்கு நாகூர் ஆண்டவர் துணை என்ற நம்பிக்கையை இங்கிருந்து கொண்டுபோய் அங்கே நட்டிருக்கிறார்கள். போட் கீக்குப் பின்னால் ஓடும் சூலியா ஸ்ட்ரீட்டுக்கு 1921ல்தான் அந்தப் பெயர் வந்தது. அதற்குமுன் அது கிளிங் ஸ்ட்ரீட். ஆற்றின் வாயருகே டல்ஹவுசி தூண் ஒன்று நிற்கிறது, இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த டல்ஹவுசி 1850ல் வந்துபோனதன் நினைவாக. அதன் நான்கு முகங்களில் ஒன்றில் தமிழ் எழுத்து. அந்த ஆண்டில் அந்தக் கரையில் தமிழ் படிக்கிறவர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

பிறகு தொழில் கை மாறியது. சீன வணிகர்கள் பெருகியபோது அவர்களுடைய ஆட்களே படகுக்கும் வந்தார்கள். ஹொக்கியன்காரர்களும் தியோச்சியூக்காரர்களும் ஆற்றைப் பங்கிட்டுக்கொண்டார்கள். சீனர்களின் துவாக்கோ எனும் படகு ஆற்றை நிறைத்தது. தொங்காங் என்ற இன்னொரு வகையும் ஓடியது. அந்தச் சொல் தமிழனின் வாயில் தொங்கான் ஆகி நம் மொழியிலும் ஏறிக்கொண்டது. படகுக்குக் கண் தீட்டும் வழக்கம் சீனர்களுடையது. வழியில் உள்ள ஆபத்தைப் படகு தானே பார்த்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

1860களில் சிங்கப்பூரின் கப்பல் வாணிபத்தில் முக்கால் பங்கு போட் கீ கரையில் நடந்தது என்பார்கள். அரிசி, மிளகு, சவ்வரிசி, பிற்பாடு ரப்பர். படகு கரையை ஒட்டி நிற்கும். கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு பலகை. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வளையும் அந்தப் பலகைமேல் கால் வழுக்காமல் கூலியாட்கள் ஏறிப்போவார்கள். மூட்டைக்கு ஒரு குச்சி என்று கையில் கொடுப்பார்கள். பொழுது சாய்ந்ததும் குச்சியை எண்ணிக் கூலி. இரண்டு தெரு தள்ளி மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தார், அதாவது வட்டிக்கடைச் செட்டியார்கள், தங்கள் கிட்டங்கிகளில் பெட்டியடி முன் சம்மணமிட்டு உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். கரையில் இருந்த சரக்குக்கும் அந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. கடன் கிடைக்காமல் சரக்கு நகராது.

ஆற்றின் வாயருகே கேவனா பாலம். 1869ல் முடிந்தது. இரும்புப் பாகங்கள் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தன. இந்தியச் சிறைக்கைதிகளின் உழைப்பில் எழுந்த கடைசிப் பெரிய வேலை அது. மூன்று அந்தர் எடைக்கு மேற்பட்ட வண்டியும், மாடும் குதிரையும் பாலத்தில் ஏறக்கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் அங்கே இருக்கிறது. கட்டியவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. பாலம் தாழ்வு. கடல் ஏற்றம் வந்து ஆறு உயர்ந்துவிட்டால் படகு அடியில் நுழையாது. வற்றம் வரும்வரை சுமையோடு காத்துக் கிடக்க வேண்டும். படகுக்காரனின் நாளை அளந்தது கடிகாரம் அல்ல, நீர்மட்டம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் துடுப்பும் கழியும் போய் மோட்டார் வந்தது. படகின் உடம்பு மாறவில்லை. அதன் காலத்தை முடித்தது வேறொன்று. 1972ல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறந்தார்கள். சரக்கு இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு வந்தது; பாரந்தூக்கி அதைக் கப்பலிலிருந்து நேரே கரையில் வைத்தது. நடுவில் படகு எதற்கு? மூட்டைக்குத் தோள் எதற்கு? ஆனாலும் தொழில் ஒரே நாளில் சாகவில்லை. எண்ணூறு படகுகளுக்கு மேல் ஆற்றை ஒட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தன.

ஆறு அதற்குள் செத்திருந்தது. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. படகுகளின் எண்ணெய், கரையோரக் குடிசைகளின் கழிவு, தெருவோர உணவுக் கடைகளின் எச்சில், மேலே பன்றிப் பண்ணைகளின் சாணம் எல்லாம் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் படுகையிலும் வந்து இறங்கின. நீர் கறுப்பு. மூக்கைப் பிடிக்காமல் பாலம் கடக்க முடியாது என்று அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் சொல்வார்கள். மீன் இல்லை.

1977 பிப்ரவரி 27 அன்று அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ ஒரு கெடு வைத்தார்: பத்தே ஆண்டு, அதற்குள் இந்த ஆறுகளில் தூண்டில் போட்டு மீன் பிடிக்க வேண்டும். விழா மேடையில் சொல்லிவிட்டு மறக்கும் பேச்சாக அதை விடவில்லை. ஆறு அழுக்கானது ஆற்றில் அல்ல, கரையில். ஆகவே முதலில் கரையைத் தொட்டார்கள். குடிசைக் குடும்பங்களுக்கு அரசு அடுக்குமாடி வீடு. ஏறத்தாழ 5,000 தெருக் கடைக்காரர்களுக்குக் குழாயும் வடிகாலும் உள்ள உணவங்காடி நிலையங்கள். பன்றி, வாத்துப் பண்ணைகளை எடுத்தார்கள். பிறகுதான் ஆற்றுக்குள் இறங்கி, அடியில் படிந்த சேற்றை அள்ளினார்கள். இழப்பீடு போக, செலவு சுமார் 17 கோடி சிங்கப்பூர் வெள்ளி. 1987 செப்டம்பரில் வேலை முடிந்ததென்று விழா எடுத்தார்கள். மீன் திரும்பியது.

வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை கொடுத்தார்கள். படகுக்குக் கொடுக்க ஆறு இன்னொன்று இல்லையே. 1983ல் சரக்குப் படகுகளை ஆற்றிலிருந்து வெளியேற்றி மேற்கே பாசிர் பாஞ்சாங் கடலோரத்துக்கு அனுப்பினார்கள். ஆற்றின் நெளிவுசுளிவுக்குப் பழகிய கைகள் திறந்த நீருக்குப் போயின. போட் கீ கரையில் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சத்தம் நின்றது. ஆற்றைச் சுத்தம் செய்தது சரியான செயல். அதில் எனக்கு ஐயமே இல்லை. நம் கூவத்தையும் வைகையையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தப் பத்தாண்டு வேலையின் பெருமை நன்றாகவே தெரியும். ஆனால் 1983ல் அந்தக் கரையில் நின்று கடைசிப் படகு போவதைப் பார்த்த ஒரு கிழவனின் மனத்தையும் நினைக்கிறேன். சுத்தமான ஆறு அவன் கண்ணுக்கு வெறும் ஆறாகத்தானே தெரிந்திருக்கும்?

நான்கு ஆண்டுகள் ஆறு அப்படி இருந்தது. கரையில் கிடங்குகள் கதவடைத்துக் கிடந்தன. சவாரி இந்த வெறுமையில் பிறந்தது. சுத்தப்பணி முடிந்த அதே 1987ல், சுமை இழந்த படகுகளில் சிலவற்றை மீண்டும் ஆற்றுக்குள் கொண்டுவந்தார்கள், இம்முறை சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்காக. சரக்குக் குழியின்மேல் தளம் போட்டார்கள். மூட்டை அடுக்கிய இடத்தில் பெஞ்சுகள். வெயிலுக்கும் மழைக்கும் கூரை. அந்த வயிறுதான் நாற்பது ஐம்பது பேரை ஆட்டமில்லாமல் தாங்கியது. புதிதாக ஒரு கண்ணாடிப் படகை வாங்கி விட்டிருக்கலாம்; பல நகரங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். பழைய படகின் உருவத்தையே வைத்துக்கொண்டது அந்த ஊர் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

பார்க்கக் கரையில் ஏதாவது இருக்க வேண்டுமே. 1989ல் போட் கீயின் பழைய கடைவீடுகளை இடிக்கக்கூடாது என்று பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். 1993ல் கிளார்க் கீ கிடங்குகள் உணவகங்களாகக் கதவு திறந்தன. ஆற்றின் வாயில் 1972 முதல் நின்ற மெர்லயன், 1997ல் வந்த எஸ்பிளனேட் பாலத்துக்குப் பின்னால் மறைந்துபோனது. 2002ல் அதைத் தூக்கிப் பாலத்துக்கு அப்பால் விரிகுடாவைப் பார்த்து நிறுத்தினார்கள். 70 டன் சிலை. சவாரிப் படகு அங்கே ஒரு நிமிடம் வேகம் தணிக்கும், எல்லாரும் கைப்பேசியை உயர்த்துவார்கள். படகுகளில் டீசல் இயந்திரம் போய் மின்கலம் வந்துவிட்டது. அதனால் ஆற்றில் இப்போது பேச்சுக் குரல் கேட்கிறது.

இதில் ஏறும் தமிழருக்கு ஒரு வேண்டுகோள். கிளார்க் கீயிலிருந்து கீழே போகும்போது எல்ஜின் பாலம் தாண்டியதும் ஆறு வளையும். அப்போது வலப்பக்கம் பாருங்கள். அந்தச் சிறு வீடுகளின் வரிசைதான் போட் கீ. உணவக மேசைகள் கிடக்கும் அந்த விளிம்பில்தான் பலகை போட்டு மூட்டை ஏற்றினார்கள். இடப்பக்கம் ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலை வரும். பயணிகள் எல்லாரும் அங்கே திரும்புவார்கள். சற்றுக் கீழே, ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் பக்கத்தில், கணக்கு எழுதும் செட்டியாரும் இன்றைய பங்குச்சந்தைக்காரர்களும் சேர்ந்த வெண்கலச் சிலைக் கூட்டம் இருக்கிறது. படகைத் தள்ளிய சூலியாவை மனத்தில் நீங்கள்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதையடுத்துக் கேவனா பாலம். 2008ல் விரிகுடாவின் வாயில் மரினா அணைக்கட்டைத் திறந்தார்கள். கடல் வெளியே நின்றுவிட்டது. உள்ளே ஆறும் விரிகுடாவும் சேர்ந்து நல்ல நீர்த் தேக்கமாயின. ஊர் குடிக்கும் தண்ணீரின்மேல்தான் சவாரி ஓடுகிறது. ஏற்றமும் வற்றமும் இந்த ஆற்றுக்கு இனி இல்லை. சுமையோடு வந்து, நீர் இறங்கட்டும் என்று மணிக்கணக்கில் படகுகள் காத்துக் கிடந்த இடத்தை இன்றைய படகோட்டி வேகம்கூடக் குறைக்காமல் கடக்கிறார். பாலத்தின் நிழல் பெஞ்சுகள்மேல் விழுந்து, முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு நகர்ந்து போகிறது.